முதல் மேட்ச்ல தோத்த கோச்

வழக்கமா ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பாங்க. அந்தத் தண்ணி கல்லணை தாண்டி, வெண்ணாறு, வெட்டாறு, புது ஆறுன்னு பிரிஞ்சு நம்ம ஊருக்கு வர்றதுக்கும் காலேஜ் திறக்கிறதுக்கும் கிட்டத்தட்ட ஒரே டைம்தான். வயல்ல குறுவை நடவு நடக்கும்போது ஹாஸ்டல் மெஸ்ல இன்னொரு வேலை நடக்கும்: இந்த வருஷம் ஸோனல்ஸ் ஃபுட்பால்ல யாரு ஜெயிப்பாங்கன்னு கணக்குப் போடுறது. கும்பகோணம் பக்கத்து டீம்ல புதுசா ஒரு ஸ்ட்ரைக்கர், திருவாரூர் பக்கத்துல கீப்பர் பாஸ் அவுட், மன்னார்குடி பக்கம் யாரும் ப்ராக்டீஸே பண்ணலையாம். இதுல பாதி வதந்தி. ஆனாலும் நீங்களும் நானும் அதை நம்பித்தான் பேசுறோம்.

முதல் மேட்ச் முடிஞ்சதும் பாருங்க. 0-3ன்னு தோத்தா வாட்ஸ்அப் குரூப்ல அந்த டீமோட வருஷமே முடிஞ்சு போகும். கோச்சுக்கு ஒண்ணும் தெரியாது, கேப்டனை மாத்தணும், இந்த டீமுக்கு எதுக்கு ஓ.டி. தரணும். கடைசியா சொன்னதுதான் வயித்துல அடிக்கிற விஷயம். சின்ன காலேஜ்ல டீம்னா பதினெட்டு பேர், ரெண்டு பந்து, ஒரு பி.டி. சார். ஓ.டி. நின்னா டீமும் நின்னுடும்.

அதனால முதல் மேட்ச்ல தோத்த ஒருத்தரைப் பத்தி இந்த சீசன் ஆரம்பத்துலயே எழுதிடலாம்னு நினைச்சேன். பெயர் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர். 2024ல வந்த ‘மைதான்’ இந்திப் படத்துல அஜய் தேவ்கன் நடிச்சாரே, அவரேதான். படம் பார்த்தவங்களும் தொடர்ந்து படிங்க. படத்துல ஸ்லோ மோஷன் நிறைய. எனக்குப் பிடிச்சது அவர் பண்ணின சின்னச் சின்ன வேலைகள்.

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17ஆம் தேதி பிறந்தார். ஹைதராபாத் அப்போது நிஜாம் ஆட்சியில் இருந்தது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படித்தார், பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். அந்த உஸ்மானியாவில் அப்போது பாடமொழி உருது. பொறியியலையும் மருத்துவத்தையும்கூட உருதுவில்தான் நடத்தினார்கள். (தமிழ் வழி சிவில், மெக்கானிக்கல் நமக்கு வந்தது 2010ல். இதைப் பத்தி வேற யாராவது தனியா எழுதுங்க.) அந்த ஊரில் சிட்டி காலேஜ் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து ஆடிய ஒரு டீம் இருந்தது. முதலில் லெவன் ஹன்டர்ஸ் என்று பெயர், பிறகு சிட்டி காலேஜ் ஓல்ட் பாய்ஸ். ரஹீம் அதிலும் ஆடினார். அப்புறம் கமர் கிளப். நம்ம ஊர்ல பாஸ் அவுட் ஆன சீனியர்ஸ் ஞாயித்துக்கிழமை வந்து ஆடுறாங்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி இடத்திலிருந்து வந்தவர்னு வெச்சுக்கோங்க.

பிழைப்புக்கு அவர் பார்த்தது பள்ளிக்கூட வாத்தியார் வேலை. ஹைதராபாத்தில் பல பள்ளிகளில் பாடம் எடுத்தார். நடுவில் உடற்கல்வியில் டிப்ளமா முடித்து, விளையாட்டுப் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். அதாவது அவரும் ஒரு பி.டி. சார். எல்லோரும் ரஹீம் சாப் என்றுதான் கூப்பிட்டார்கள்.

1943ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். இங்கேதான் கொஞ்சம் நின்னு பார்க்கணும். அன்றைக்கு நம் நாட்டில் நல்ல ஆட்டக்காரன் என்றால் பந்தைக் காலிலேயே ஒட்டி வைத்துக்கொண்டு நாலு பேரைத் தாண்டிப் போகிறவன். பெரும்பாலானவர்கள் வெறுங்காலில் ஆடினார்கள். அறுப்பு முடிஞ்ச வயல்ல வெறுங்கால்ல ஆடினவங்களுக்கு இது புரியும். தாள் குத்தும், ஆனா பந்து எங்க இருக்குன்னு பாதத்துக்கே தெரியும். அந்த சுகத்துல பாஸ் கொடுக்கவே மனசு வராது. ரஹீம் இதற்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கவில்லை, போட்டியின் விதியையே மாற்றினார். டிரிப்ளிங் பண்ணக் கூடாது என்று ஒரு டோர்னமென்ட். பழக்கமில்லாத காலால் மட்டும் ஆட வேண்டும் என்று இன்னொன்று. வலது கால்காரன் இடது காலால் மட்டுமே உதைக்கணும்னா முதல் நாள் எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. மைதானமே சிரிச்சிருக்கும். ஆனால் சில வருடங்களில் அந்த ஊர்ப் பசங்களுக்கு ரெண்டு காலும் வேலை செய்தது, பந்து வந்த வேகத்திலேயே அடுத்தவனுக்குப் போனது.

நம்ம காலேஜ்ல ஒரு புதன்கிழமை சாயங்காலம் இதைப் பண்ணிப் பார்க்க என்ன செலவாகும்? ஒரு ரூபாய்கூட ஆகாது.

ரஹீம் பயிற்சி கொடுத்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950லிருந்து 1954 வரை தொடர்ந்து ஐந்து வருடம் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. பம்பாயில் நடந்த அந்தப் போட்டிக்குக் கல்கத்தாவின் பெரிய கிளப்புகளும் வரும். 1950லேயே ரஹீம் இந்திய அணிக்கும் கோச் ஆனார். 1951ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்தியா இறுதிப் போட்டியில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் எடுத்தது. கோல் அடித்தவர் மேவாலால்.

இதோட கதை முடிஞ்சிருந்தா நான் எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

அடுத்த வருடம், 1952, ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். முதல் மேட்ச் யுகோஸ்லாவியாவோடு. குளிர்ந்த ஊர், எதிரே பூட்ஸ் போட்ட ஐரோப்பிய அணி, நம் ஆட்களில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலில். ஸ்கோர் 10-1. அந்த ஒரு கோல் அகமது கானுடையது. அது நாக் அவுட், ரெண்டாவது மேட்ச்சே கிடையாது. அன்னிக்கு வாட்ஸ்அப் இருந்திருந்தா ரஹீமை என்ன பண்ணியிருப்பாங்கன்னு நான் சொல்லணுமா?

அதன் பிறகு இந்தியக் கால்பந்து சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. கேட்கச் சின்ன விஷயம். ஆனால் பத்து வருஷமா வெறுங்காலில் பழகியவனுக்குப் பூட்ஸ் என்பது கிட்டத்தட்டப் புதுக் கால். பந்து பாதத்தில் ஒட்டாது, டிரிப்ளிங் குறையும், பாஸ் கொடுத்துதான் ஆக வேண்டும். ரஹீம் ஹைதராபாத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது ஏற்கெனவே அதைத்தான்.

நாலு வருடம் கழித்து மெல்போர்ன், 1956. ஹங்கேரி வராததால் முதல் சுற்று வாக்ஓவர். அடுத்து ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்றார்கள். நெவில் டிசூசா ஹாட்ரிக் அடித்தார், ஒலிம்பிக்ஸ் கால்பந்தில் ஆசியக்காரர் ஒருவர் அடித்த முதல் ஹாட்ரிக் அது. ஒலிம்பிக்ஸ் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணியும் இதுதான். அரையிறுதியில் எதிரே யார் தெரியுமா? அதே யுகோஸ்லாவியா. இந்த முறை முதல் கோல் இந்தியாவுடையது, அதுவும் டிசூசாதான். பிறகு அவர்கள் நாலு அடித்தார்கள், 4-1. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. பதக்கம் இல்லாமல் நாலாவது இடம்.

10-1 எங்கே, 4-1 எங்கே. ரெண்டுமே தோல்விதான், டேபிள்ல ரெண்டுக்கும் ஒரே மதிப்புதான். ஆனா அந்த நாலு வருஷத்துல நடந்த வேலையை இந்த ரெண்டு ஸ்கோரையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாதான் தெரியும். என்னைக் கேட்டா, ரஹீம் வாழ்க்கையிலேயே பெரிய சாதனை 1962 தங்கத்தை விட இதுதான். ஒத்துக்காதவங்க கேன்டீனுக்கு வாங்க, பேசுவோம்.

1960 ரோமில் பிரான்ஸோடு 1-1 டிரா, ஹங்கேரியிடம் 1-2, பெருவிடம் 1-3. குழுச் சுற்றோடு வீடு. ஆண்கள் கால்பந்தில் இந்தியா கடைசியாக ஆடிய ஒலிம்பிக்ஸ் அதுதான்.

இப்போ ஜகார்த்தா, 1962 ஆசிய விளையாட்டு. ரஹீமுக்கு வயது 53, அவர் உடம்புக்குள் புற்றுநோய். அணியில் சுனி கோஸ்வாமி கேப்டன், பி.கே. பானர்ஜி, பலராம், ஜர்னைல் சிங், அருண் கோஷ், சந்திரசேகர். பட்டியலை இன்னும் கீழே படித்தால் பீட்டர் தங்கராஜ், அருமைநாயகம், எத்திராஜ். இந்தப் பெயர்களை எல்லாம் உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்தவர், நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தபோது சென்டர் ஃபார்வர்டு. அங்கேதான் கோல் கீப்பராக மாறினார்.

முதல் மேட்ச் தென் கொரியாவோடு. 0-2. தோல்வி.

குழுவில் நாலு அணிகள், ரெண்டுதான் மேலே போகும். இன்னும் தாய்லாந்தும் ஜப்பானும் பாக்கி. ரஹீம் பதறவில்லை. தாய்லாந்தை 4-1 என்று வென்றார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் தடுப்பாட்டத்தின் தூண், ஜர்னைல் சிங், தலையில் அடிபட்டு விழுந்தார். தையல் போட வேண்டியிருந்தது. அவர் இல்லாமலே ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்கு வந்தார்கள்.

அங்கே ரஹீமுக்கு ஒரு சிக்கல். ஜர்னைல் ஆடத் தயார், ஆனால் தலையில் தையலோடு டிஃபென்ஸில் நின்று ஹெடிங் பண்ணுவது ஆபத்து. உட்கார வைக்கவும் மனசில்லை. அவரை சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார் ரஹீம்! இது சூதாட்டம் மாதிரி தெரியும். ஆனால் ஜர்னைல் பஞ்சாபில் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் மாஹில்பூர் என்ற சின்ன ஊரின் கால்சா கல்லூரிக்கு ஆடி வந்தவர். அந்த நாட்களில் முன்வரிசையில் ஆடிய பழக்கம் அவருக்கு உண்டு, அது ரஹீமுக்கு நினைவிருந்தது. யாருமே கவனிக்காத ஒரு சின்ன காலேஜ் டீம்ல ஒருத்தன் எந்த இடத்துல ஆடினான்னு ஞாபகம் வெச்சிருக்கார் பாருங்க. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். தெற்கு வியட்நாமை 3-2 என்று வென்றார்கள், ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

இதற்கிடையே ஊரே இந்தியாவுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. இந்தோனேசியா இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு வரவிடவில்லை. இந்தியாவைச் சேர்ந்த ஒலிம்பிக் நிர்வாகி சோந்தி அதை எதிர்த்தார். ஜகார்த்தாவில் கோபம் கொதித்தது, இந்தியத் தூதரகத்துக்கு முன்னால் கலவரம். நம் வீரர்கள் எங்கே போனாலும் கூச்சல். செப்டம்பர் 4ஆம் தேதி இறுதிப் போட்டி, சுமார் ஒரு லட்சம் பேர், பெரும்பாலோர் எதிரணிக்குக் கைதட்ட வந்தவர்கள். இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி அணியினரும் உண்டு. அந்த அரசியலை இதுக்கு மேல இழுக்க வேண்டாம்.

எதிரே மறுபடியும் தென் கொரியா. காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த தங்கராஜை ரஹீம் கோலில் நிறுத்தினார். அதுவரை நன்றாகவே ஆடிக்கொண்டிருந்த பிரத்யுத் பர்மன் வெளியே உட்கார வேண்டியிருந்தது. உயரமான தங்கராஜுக்கு மேலே வரும் பந்து சுலபம். பர்மனுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சா கஷ்டமாத்தான் இருக்கு. ஜர்னைல் மறுபடியும் முன்னால். பின்னால் அருண் கோஷும் சந்திரசேகரும் பார்த்துக்கொண்டார்கள். ஆட்டம் தொடங்கி இருபது நிமிடத்துக்குள் பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2-0. கொரியா கடைசி நேரத்தில் ஒன்று திருப்பியது, அதற்கு மேல் முடியவில்லை. பத்து நாளுக்குள் அதே அணியிடம் 0-2, பிறகு 2-1. ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். யார் எங்கே நின்றார்கள் என்பதுதான் மாறியிருந்தது.

அடுத்த முறை முதல் மேட்ச் முடிஞ்சு குரூப்ல எழுதப் போறீங்கன்னா, ஸ்கோரை விட்டுட்டு ரெண்டாவது மேட்ச்ல யாரு இடம் மாறியிருக்காங்கன்னு பாருங்க. ஓ.டி. லெட்டர்ல கையெழுத்துப் போடுறவங்க இந்த இ-இதழைப் படிக்கிறாங்களான்னு தெரியல, படிச்சா அவங்களும் பார்க்கலாம்.

ஜகார்த்தாதான் ரஹீமின் கடைசிப் பெரிய போட்டி. 1963 ஜூன் 11ஆம் தேதி இறந்தார். அவர் மகன் சையத் ஷாஹித் ஹக்கீம் 1960 ரோம் அணியில் இருந்தவர், பிறகு ஃபிஃபா நடுவராகவும் ஆனார், 2021ல் மறைந்தார். 1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாவது வந்தது, 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம் எடுத்தது. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் கால்பந்துப் பதக்கம் எதுவும் வரவில்லை.