ஒரே வீட்டு வாசலில் லண்டனையே கூட்டியவர்... கடைசியில் கடனோடு போனவர்! யார் இந்த தியோடர் ஹூக்?

1810-ஆம் ஆண்டு, நவம்பர் கடைசி வாரம். லண்டன் பெர்னர்ஸ் தெருவில் 54-ஆம் எண் வீட்டின் கதவை, காலையிலேயே புகைபோக்கி சுத்தம் செய்யும் ஆள் ஒருவர் தட்டினார். வீட்டு வேலைக்காரப் பெண் குழம்பிப்போனார். யாரும் அவரைக் கூப்பிடவே இல்லை. அவரை அனுப்பி வைப்பதற்குள் இன்னொருவர் வந்தார். அப்புறம் இன்னொருவர்.

அடுத்து நிலக்கரி வண்டிகள் வந்தன. பிறகு மீன்காரர்கள், கறிக்கடைக்காரர்கள், பெரிய கல்யாண கேக்கோடு பேக்கரிக்காரர்கள், டாக்டர்கள், வக்கீல்கள், பாதிரியார்கள். யாரோ செத்துப்போனதாக நினைத்துச் சவப்பெட்டியோடு ஒருவர் வந்து நின்றார். பியானோக்கள் வரிசையாக இறங்கின. மதியத்துக்குள் தெருவில் கால் வைக்க இடமில்லை. பண்டங்கள் உடைந்தன, வண்டிகள் மோதின, ஆட்கள் சண்டை போட்டார்கள்.

உச்சக்கட்டமாக லண்டன் மேயரே தன் வண்டியில் வந்து இறங்கினார். அந்த வீட்டு அம்மாள் உடம்பு சரியில்லாமல் படுத்திருப்பதாகவும், மேயர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றும் அவருக்குக் கடிதம் போயிருந்தது. ஏமாந்தது தெரிந்ததும் மேயர் நேராக நீதிபதி அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார். கூட்டத்தைக் கலைக்கக் காவலர்கள் வந்தார்கள். இருட்டும் வரை தெரு அடங்கவில்லை.

எதிர் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து இத்தனையையும் ஒரு 22 வயது இளைஞர் ரசித்துக்கொண்டிருந்தார். அவர்தான் தியோடர் ஹூக்.

*ஒரு பந்தயம், ஆயிரக்கணக்கில் கடிதங்கள்*

எந்த வீட்டையும் ஒரே வாரத்தில் லண்டன் முழுக்கப் பேச வைக்க முடியும் என்று நண்பரிடம் ஒரு கினி தங்கக் காசு பந்தயம் கட்டினார் ஹூக் என்பதுதான் காலம்காலமாகச் சொல்லப்படும் கதை. அதற்காக அவரும் கூட்டாளிகளும் உட்கார்ந்து எழுதிய கடிதங்கள் ஆயிரம் என்பாரும் உண்டு, நாலாயிரம் என்பாரும் உண்டு. எல்லாமே அந்த வீட்டில் குடியிருந்த டாட்டன்ஹாம் அம்மாள் எழுதியது போன்ற கடிதங்கள். இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன பொருளோடு வாருங்கள் என்று ஒவ்வொன்றிலும் தெளிவாக இருந்தது.

வாட்ஸ்அப் இல்லை, போன் இல்லை. ஒரு நகரத்தையே ஏமாற்ற வெறும் பேனாவும் மையும் போதுமாக இருந்தது.

ஆனால் இந்த பிராங்க்கில் நஷ்டம் யாருக்கு? கூலிக்கு ஆள் பிடித்து பியானோவைத் தூக்கி வந்தவர்களுக்கு. கூட்டத்தில் சரக்கைப் பறிகொடுத்த சின்ன வியாபாரிகளுக்கு. வீட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த அந்த அம்மாளுக்கு. ஹூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்தேகம் அவர் மேல் திரும்பியதும் கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இருந்துகொண்டார். வழக்கும் இல்லை, தண்டனையும் இல்லை.

*யார் இவர்?*

1788-ல் லண்டனில் பிறந்தவர் ஹூக். அப்பா ஜேம்ஸ் ஹூக் அந்தக் காலத்துப் பிரபல இசையமைப்பாளர். சிறு வயதிலேயே அம்மாவை இழந்த பையனின் திறமையை அப்பா சீக்கிரமே கண்டுகொண்டார். மகன் பாட்டு எழுத, அப்பா மெட்டுப் போட, படிப்பு ஓரமாகப் போனது. 16, 17 வயதிலேயே லண்டன் மேடையில் அவருடைய நாடகம் ஓடியது.

ஆக்ஸ்போர்டில் படிக்க வைக்க அண்ணன் அழைத்துப் போனார். அங்கே சேருகிறவர்கள் இங்கிலாந்து திருச்சபையின் 39 கொள்கைகளை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடத் தயாரா என்று கேட்டதற்கு, வேண்டுமானால் நாற்பதுக்கே போடுகிறேன் என்றாராம் ஹூக். அண்ணன் கெஞ்சிச் சமாளிக்க வேண்டியதாயிற்று. அங்கேயும் அவர் நிலைத்துப் படிக்கவில்லை.

அவருடைய உண்மையான வித்தை வேறு. விருந்தில் பியானோ முன்னால் உட்கார்ந்தால், அங்கே இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் வைத்து, எதுகை மோனையோடு அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டிவிடுவார். கவிஞர் கோல்ரிட்ஜே அசந்துபோனார். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான பட்டத்து இளவரசருக்கும் இவரை ரொம்பப் பிடித்துப்போனது. இவருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று முடிவானது.

*கணக்கே தெரியாதவர் கையில் கஜானா!*

பெர்னர்ஸ் தெரு கூத்து நடந்த அடுத்த சில நாட்களில், 1810 டிசம்பரில், இந்தியப் பெருங்கடலில் உள்ள மொரீஷியஸ் தீவை பிரான்சிடமிருந்து பிரிட்டன் கைப்பற்றியது. புதிய காலனிக்கு அதிகாரிகள் தேவைப்பட்டார்கள். 1813-ல் அந்தத் தீவின் கஜானா அதிகாரியாகப் போய் இறங்கினார் ஹூக். ஆண்டுச் சம்பளம் சுமார் 2,000 பவுண்டு. வயது 25.

சொந்தச் செலவுக் கணக்கையே ஒழுங்காக எழுதாத மனுஷனிடம் ஒரு அரசாங்கத்தின் பெட்டிச் சாவி! விருந்து, குதிரைப் பந்தயம், நாடகம் என்று நாட்கள் ஓடின. வேலையைக் கீழே இருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அவர் பார்த்தாரா என்பதுதான் கேள்வி.

1818-ல் குட்டு உடைந்தது. கணக்கில் பணம் குறைகிறது என்று கஜானாவின் எழுத்தர் ஒருவரே கடிதம் எழுதினார். விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே அந்த எழுத்தர் தற்கொலை செய்துகொண்டார். கடைசியில் ஹூக் தலையில் விழுந்த தொகை சுமார் 12,000 பவுண்டு. அதாவது அவருடைய ஆறு வருடச் சம்பளம்.

ஹூக் கைது செய்யப்பட்டார். அங்கே இருந்த உடைமைகள் பறிமுதலாயின. காவலோடு கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். வழியில் செயின்ட் ஹெலினா தீவில் விவரம் தெரியாத ஒருவர், உடம்பு சரியில்லாமலா ஊருக்குப் போகிறீர்கள் என்று விசாரித்தார். பெட்டியில் ஏதோ கோளாறு என்று சொல்கிறார்கள் என்று பதில் வந்ததாம். ஆங்கிலத்தில் நெஞ்சுக்கும் பணப்பெட்டிக்கும் ஒரே சொல். கைதியாகப் போகும்போதும் வாய் சும்மா இருக்கவில்லை.

பணத்தை அவரே எடுத்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. கிரிமினல் வழக்குப் போட முகாந்திரம் இல்லை என்று லண்டனில் சொல்லிவிட்டார்கள். ஆனால் பெட்டி அவர் பொறுப்பில் இருந்தது. எனவே பணம் அரசுக்கு அவர் தர வேண்டிய கடன் ஆனது.

*முகம் காட்டாத ஆசிரியர்*

1820 கடைசியில் லண்டனில் ஜான் புல் என்ற வாரப் பத்திரிகை வெளியானது. புது மன்னர் நான்காம் ஜார்ஜுக்கும் அவருடைய மனைவி கரோலினுக்கும் விவாகரத்துச் சண்டை உச்சத்தில் இருந்த நேரம் அது. மக்கள் ராணி பக்கம், ஜான் புல் மன்னர் பக்கம். ராணியை மட்டுமில்லை, ராணியைப் பார்க்கப் போன வீட்டுப் பெண்களின் அந்தரங்கத்தையும் அது கிண்டலும் கேலியுமாக அச்சில் ஏற்றியது. விற்பனை எகிறியது.

இதை எழுதியது யார் என்று ஊரே தேடியது. எழுதியவர் ஹூக். ஆனால் வெளியில் சொல்லவில்லை. எனக்கும் இந்தப் பத்திரிகைக்கும் சம்பந்தமே இல்லை என்று அதே பத்திரிகைக்கு அவர் பெயரில் ஒரு கடிதம் போனது. அந்தக் கடிதத்தை மட்டம் தட்டி ஆசிரியர் குறிப்பும் வந்தது. இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான்!

இங்கேயும் அதே கதைதான். 1821-ல் நாடாளுமன்றம் பத்திரிகைமீது பாய்ந்தபோது நியூகேட் சிறைக்குப் போனது, ஆசிரியர் நான்தான் என்று பெயருக்கு முன்னால் நின்ற வேறொரு ஆள். பின்னால் இருந்த ஹூக் அடுத்த இதழை எழுதினார்.

*கதவைத் தட்டிய கடன்*

1823-ல் மொரீஷியஸ் கணக்கு அவர் வீட்டு வாசலுக்கே வந்தது. கடனுக்காகக் கைது. முதலில் கடனாளிகளை அடைத்து வைக்கும் வீடு, பிறகு கிங்ஸ் பெஞ்ச் சிறை எல்லைக்குள் வாசம். அங்கே இருந்தபடியே கதைகள் எழுதினார், அவை நன்றாகவே விற்றன. 1825-ல் விட்டார்கள். ஆனால் கடன் கடனாகவே இருக்கிறது என்று சொல்லித்தான் விட்டார்கள்.

அதன் பிறகு நாவல், பத்திரிகை என்று கை நிறையச் சம்பாதித்தார். அரசுக் கடனில் கொஞ்சமாவது கட்டியிருக்கலாம். கட்டவில்லை. பிரபுக்களின் விருந்துகளில் அவர்தான் நட்சத்திரம். அந்த வட்டத்துக்கு ஏற்ற வீடு, வண்டி, உடை எல்லாம் வேண்டுமே! லண்டன் அதீனியம் கிளப்பில் அவர் வழக்கமாகச் சாப்பிடும் இடத்துக்கு மதுவிலக்கு மூலை என்று செல்லப்பெயர். குடிப்பது தெரியாமல் இருக்க மதுவை வேறு பெயர் சொல்லித்தான் அங்கே வரவழைப்பார்கள்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருந்தது. மேரி ஆன் என்ற பெண்ணோடு பல வருடம் வாழ்ந்தார், குழந்தைகள் பிறந்தார்கள். ஆனால் ஊரறியக் கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. விருந்துக்குக் கூப்பிட்ட பெரிய மனிதர்களின் உலகத்தில் அந்தக் குடும்பத்துக்கு இடமில்லை.

1841 கோடையில் ஒரு விருந்துக்குப் போனவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். பணத்திலும் மனசிலும் உடம்பிலும் தீர்ந்துபோனவன் எப்படி இருப்பானோ அப்படியே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டார். அந்த ஆகஸ்ட் 24-ஆம் தேதி லண்டனை அடுத்த ஃபுல்ஹாமில் இறந்தார். வயது 52. வீட்டில் இருந்த பொருட்களை அரசு கடனுக்கு எடுத்துக்கொண்டது. அடக்கத்துக்கு வந்தவர்கள் மிகச் சிலர். மேரி ஆனும் குழந்தைகளும் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களுக்காக நண்பர்கள் நிதி திரட்டினார்கள். ஹனோவர் மன்னர் 500 பவுண்டு கொடுத்தார். இரவெல்லாம் அவர் பாட்டைக் கேட்டுச் சிரித்த பல பெரிய வீடுகளிலிருந்து ஒரு காசும் வரவில்லை.

*கடைசிக் கடிதம் தனக்கே!*

இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, 1840-ல், உலகின் முதல் ஒட்டும் தபால்தலையான பென்னி பிளாக் பிரிட்டனில் வெளியானது. அதை ஒட்டிய ஒரு அட்டை ஃபுல்ஹாமில் ஹூக் வீட்டு முகவரிக்குப் போனது. அதில் கையால் வரைந்த ஒரு கேலிப்படம்: பெரிய மைக்கூட்டைச் சுற்றி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் தபால் துறை எழுத்தர்கள். வழியில் அட்டையைக் கையாளும் ஒவ்வொரு தபால் ஊழியரும் தன்னைப் பற்றிய கிண்டலைப் பார்த்தே ஆக வேண்டும். அனுப்பியது ஹூக்கேதான் என்பது நிபுணர்களின் கணிப்பு.

உலகிலேயே பழமையானதாக அறியப்படும் பட அஞ்சலட்டை அதுதான். 2002-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது 31,750 பவுண்டுக்குப் போனது. மொரீஷியஸ் கஜானாவில் காணாமல்போன எண்ணிக்கையைவிட இரண்டரை மடங்கு அதிகம்!

30 வருடம் முன்பு ஊருக்கெல்லாம் கடிதம் போட்டு இன்னொருவர் வீட்டு வாசலில் கூட்டம் சேர்த்தவர், கடைசியில் குறும்பைத் தன் வீட்டு முகவரிக்கே அனுப்பிக்கொண்டார். அவர் செய்த குறும்புகளில் யாருக்கும் பெரிய நஷ்டம் வைக்காதது அநேகமாக அது ஒன்றுதான்.