மூன்று கதவுகள் தட்டப்பட்ட இரவு



மன்னார்புரம் சந்திப்பில் சிக்னலுக்காக நிற்கும் வேளையில் 108 ஆம்புலன்ஸின் சத்தம் கேட்டால், பேருந்தும் ஆட்டோவும் எப்படியோ ஒதுங்கி வழிவிடுகின்றன. உள்ளே இருப்பவர் பிரசவ வலியோடு வரும் ஓர் இளம்பெண்ணாக இருந்தால், சில நிமிடங்களில் அவர் புத்தூர் அரசு மருத்துவமனையில் இருப்பார். நமக்கு இது பழகிப்போன காட்சி. நம் கொள்ளுப்பாட்டிகளுக்கு இப்படி ஒரு வழியே இருந்ததில்லை.

2018-ஆம் ஆண்டு திருப்பூரில் ஓர் இளம் ஆசிரியை, யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே நடத்தப்பட்ட பிரசவத்தில் இரத்தப்போக்கால் உயிரிழந்தார். குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்தச் செய்தி வந்த நாட்களில், 'அந்தக் காலத்தில் எல்லாரும் வீட்டில்தானே பெற்றார்கள்' என்று பலரும் சொல்லக் கேட்டோம். உண்மைதான், வீட்டில்தான் பெற்றார்கள். அப்படிப் பெறும்போது என்ன நடந்தது என்பதை நேரில் கண்ட ஒரு பெண்ணின் வாழ்வை இன்று நினைத்துப் பார்ப்போம். அவர் வேலூர் மக்கள் இன்றும் அன்போடு நினைவுகூரும் டாக்டர் ஐடா ஸ்கடர்.

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்கடர் அமெரிக்கப் புரொட்டஸ்டண்ட் மறைப்பணியாளர், மருத்துவரும்கூட. தாத்தா 1819-இலேயே யாழ்ப்பாணம் வந்து இறங்கிய மருத்துவர். இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தும் ஐடாவுக்கு மறைப்பணியில் நாட்டமே இல்லை. சிறு வயதில் 1876-78 பெரும் பஞ்சத்தின் கொடுமையைக் கண்டவர் அவர். அமெரிக்காவுக்குப் போய், படித்து, திருமணம் செய்துகொண்டு வசதியாக வாழ வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். தாய்க்கு உடல்நலம் குன்றியதால் 1890-இல் திண்டிவனம் வந்தார். அதுவும் சிறிது காலத்துக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அங்கே ஓர் இரவு ஒரு பிராமண இளைஞர் கதவைத் தட்டினார். சிறு வயது மனைவி பிரசவ வலியில் துடிக்கிறாள், மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஐடா வர வேண்டும் என்று கெஞ்சினார். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள், நானும் உடன் வருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தன் மனைவியைப் பார்ப்பது வழக்கத்திற்கு ஒவ்வாது என்று சொல்லி அந்த இளைஞர் திரும்பிப் போய்விட்டார். சிறிது நேரத்தில் ஓர் இஸ்லாமியர் வந்தார். பின்னர் முதலியார் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் வந்தார். மூவருக்கும் ஒரே வேண்டுகோள், ஐடா சொன்னதும் ஒரே பதில், மூவரும் திரும்பிப் போனதும் ஒரே காரணத்திற்காக.

ஐடா அன்று உறங்கவில்லை. விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. விசாரித்துவர ஆள் அனுப்பினார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

கூப்பிடு தூரத்தில் ஒரு மருத்துவர் இருந்தார். கணவர்கள் மனைவியரை நேசிக்காதவர்களும் அல்லர். நேசிக்காதவர் நள்ளிரவில் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டுவாரா? ஆனால் அந்த நேசத்தைவிட வழக்கம் வலிமையாக இருந்தது. வலியில் கிடந்தவரிடம் யாரும் விருப்பம் கேட்டதாகத் தெரியவில்லை.

அன்றே ஐடா தன் முடிவைப் பெற்றோரிடம் சொல்லிவிட்டார். மருத்துவப் படிப்பை 1895-இல் பிலடெல்பியாவில் தொடங்கி, 1899-இல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் முடித்தார். பெண்களைச் சேர்த்துக்கொள்ள அக்கல்லூரி அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஷெல் என்ற வங்கியாளர், மறைந்த தன் மனைவியின் நினைவாக மருத்துவமனை கட்ட 10,000 டாலர் தந்தார். 1900 ஜனவரியில் ஐடா நாடு திரும்பினார். சில மாதங்களிலேயே தந்தை இறந்தார். கற்றுக்கொடுக்க ஆளில்லாத நிலையில், வேலூரில் வீட்டின் ஒரு சிறு அறையில் சிகிச்சையைத் தொடங்கினார். துணைக்கு இருந்தவர் சலோமி, வீட்டுப் பணியாளரின் மனைவி. இரண்டே ஆண்டுகளில் 5,000 நோயாளிகளைப் பார்த்தார். 1902-இல் 40 படுக்கைகளோடு அந்த மருத்துவமனை திறக்கப்பட்டது.

ஒருவர் எத்தனை வீடுகளுக்கு ஓட முடியும்? அதனால்தான் அவர் கற்பிக்கத் தொடங்கினார். 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிசயம் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். 151 பேர் விண்ணப்பித்தார்கள். முதல் வகுப்பில் மிஞ்சிய 14 பெண்களும் அரசுத் தேர்வில் தேறினார்கள். ஆண்களிலோ பெரும்பாலோர் தோற்றார்கள். அந்தப் பள்ளிதான் 1942-இல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்து, இன்று சி.எம்.சி. என்று நாம் சொல்லும் இடமாக வளர்ந்திருக்கிறது.

கத்தோலிக்கராகிய நாம் இங்கே ஒன்றைத் தாழ்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அதே காலத்தில் நம் அருட்சகோதரிகள் பிரசவம் பார்க்கத் திருச்சபைச் சட்டம் இடம் தரவில்லை. துறவு வாழ்வுக்கு அது பொருந்தாது என்று கருதப்பட்டது. ஸ்காட்லாந்து மருத்துவரான ஆக்னஸ் மெக்லாரன் தம் 61-ஆம் வயதில் கத்தோலிக்கரானவர். இந்தியப் பெண்களுக்காக உரோமைக்குப் பலமுறை சென்று மன்றாடி, அனுமதி கிடைக்காமலேயே 1913-இல் இறந்தார். ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி கிளவ்ரி, திருத்தந்தை 15-ஆம் பெனடிக்டின் தனி அனுமதியோடு 1920-இல் குண்டூர் வந்து துறவியானார். அன்னா டெங்கல் 1925-இல் மருத்துவப் பணிக்கென்றே ஒரு சபையைத் தொடங்கினார். 1936 பிப்ரவரி 11 அன்றுதான் உரோமை அந்தத் தடையை நீக்கியது. ஐடா வேலூரில் பணி தொடங்கி அப்போது 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. வழக்கத்தின் பெயரால் மூடிய கதவுகள் திண்டிவனத்தில் மட்டும் இருக்கவில்லை.

இன்று தமிழகத்தில் ஆயிரம் பிரசவங்களில் ஏறத்தாழ 996 மருத்துவமனைகளிலேயே நடப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. மருத்துவமனைப் பிரசவங்களைப் பற்றி மக்களுக்குக் குறைகள் உண்டு. தேவையற்ற சிசேரியன், தாயிடம் காட்டும் கடுமை என்று அவர்கள் சொல்வதை அலட்சியம் செய்ய முடியாது. அவை திருத்தப்பட வேண்டியவை. ஆனால் நஞ்சுக்கொடி வெளிவராமல் நின்றாலோ, கருப்பை சுருங்காமல் இரத்தம் பெருகினாலோ, வீட்டில் இருப்பவர்களின் அன்பால் அதை நிறுத்த முடியாது. ஊசி மருந்தும் இரத்தமும் பயிற்சி பெற்ற கைகளும் வேண்டும். நலமாக இருந்த தாய்க்கும் ஓரிரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடலாம். நம் பாட்டி எட்டுப் பெற்றாள் என்று பெருமையாகச் சொல்லும் வீடுகளில், அதில் எத்தனை தங்கின என்பதையும் சற்றுக் கேட்டுப் பாருங்கள். பாலன் இயேசு தொழுவத்தில் பிறக்கவில்லையா என்று கேட்போரும் உண்டு. சத்திரத்தில் இடம் கிடைக்காததால்தான் அங்கே பிறந்தார். இடம் கிடைத்திருந்தால் யோசேப்பு வேண்டாம் என்று சொல்லியிருப்பாரா?

ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. 1946-இல் ஓய்வு பெற்று, கோடைக்கானலில் 1960 மே மாதம் தம் 89-ஆம் வயதில் இறந்தார். அவரைப் பற்றி நூல்கள் பல உண்டு. திண்டிவனத்தின் அந்த மூன்று பெண்களை மட்டும், பிராமணரின் மனைவி, இஸ்லாமியரின் மனைவி, முதலியாரின் மனைவி என்றே எல்லாரும் எழுதுகிறோம். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றும்போது, அவர்களுக்காகவும் ஒன்று ஏற்றுவோம்.