தனி ஒருவராக உலகைச் சுற்றியவர்!

மரக்காணம், கூனிமேடு பக்கம் விளையும் உப்பு, மீனைக் கருவாடாக்கி நாள்கணக்கில் கெடாமல் காக்கிறது. அப்படி உப்பிட்டு உலர்த்திய மீனை ஏற்றிக்கொண்டு, தனியாக உலகைச் சுற்றியவர் ஜோஷுவா ஸ்லோக்கம்.

கனடாவில் 1844ல் பிறந்த இவர், பழைய படகு ஒன்றை 13 மாதம் உழைத்துப் புதுப்பித்தார். 'ஸ்பிரே' என்ற அந்தப் பாய்மரப் படகின் நீளம் சுமார் 37 அடிதான்! 1895 ஏப்ரல் 24ல் அமெரிக்காவின் பாஸ்டனில் இருந்து கிளம்பினார்.

சமையல், பாய் கட்டுவது, திசை பார்ப்பது எல்லாம் ஒரே ஆள்! இரவில் படகில் வந்து விழும் பறக்கும் மீன்கள் காலை உணவாகின. சுக்கானைக் கட்டிவிட்டால் படகு தானே போகும். அவர் புத்தகம் படிப்பார், தூங்குவார். ஆஸ்திரேலியா அருகிலிருந்து கோகோஸ் தீவு வரை 23 நாள் பயணம். அதில் அவர் சுக்கான் பிடித்தது மொத்தம் 3 மணி நேரமே!

தனிமைதான் வாட்டியது. பேச்சே மறந்துவிடுமோ என்று பயந்து, இல்லாத மாலுமிகளுக்குச் சத்தமாக உத்தரவிட்டார்; பாட்டும் பாடினார்.

சுமார் 46 ஆயிரம் மைல் கடந்து, 1898 ஜூன் 27ல் அமெரிக்கா திரும்பினார். பல ஆண்டு கழித்து மறுபடியும் தனியே கடலுக்குப் போனவர், திரும்பவே இல்லை.

இத்தனைக்கும் அவருக்கு நீச்சல் தெரியாது!