ஜான் ஸ்னோ

ஜான் ஸ்னோ (மார்ச் 15, 1813 – ஜூன் 16, 1858) ஓர் ஆங்கிலேய மருத்துவர் ஆவார். வாந்திபேதி எனப்படும் காலரா நோய் அசுத்தமான குடிநீர் வழியாகப் பரவுகிறது என்பதைக் கணக்கெடுப்பின் மூலம் காட்டியவர். நோய்க்கிருமி இன்னதென்று மருத்துவ உலகம் அறியாத காலத்திலேயே நோயைத் தடுக்கும் வழியைக் கண்டமையால், நோய்ப்பரவலியல் துறையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

இளமைக்காலம்

இங்கிலாந்தின் யார்க் நகரில் ஒரு கூலித் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார். 14 ஆவது அகவையில் நியூகாசில் நகர மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். 1831-32 இல் அப்பகுதியில் காலரா பரவியபோது, கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்தார். கழிப்பிட வசதியற்ற சுரங்கத்தினுள்ளேயே தொழிலாளர்கள் கழுவாத கையால் உணவு உண்டனர் என்பதைப் பின்னாளில் தம் நூலில் சுட்டினார். 1836 இல் இலண்டன் சென்று பயின்று, 1844 இல் மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இளமையிலேயே புலாலையும் மதுவையும் விலக்கியவர். திருமணம் செய்துகொள்ளவில்லை.

மயக்க மருந்து

ஈதர், குளோரோஃபார்ம் ஆகியவற்றை அளவறிந்து கொடுக்கும் முறைகளை ஆராய்ந்து, அதற்கான கருவிகளையும் வடிவமைத்தார். விக்டோரியா மகாராணிக்கு 1853, 1857 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த மகப்பேறுகளின்போது குளோரோஃபார்ம் கொடுத்தவர் இவரே. வாழ்ந்த காலத்தில் இவர் புகழ் பெற்றது இத்துறையில்தான்.

காலரா ஆய்வு

அக்காலத்தில் அழுகிய பொருட்களிலிருந்து எழும் கெட்ட காற்றே காலராவுக்குக் காரணம் என்று நம்பப்பட்டது. துர்நாற்றத்தைப் போக்குவதாக எண்ணி, வீட்டுக் கழிவுகளைச் சாக்கடைகள் வழியே தேம்ஸ் ஆற்றில் கலக்கவிட்டனர். அதே ஆற்று நீரைத்தான் நகரத்தில் பலர் குடித்தனர். வளிமங்களின் இயல்பை நன்கறிந்த ஸ்னோவுக்குக் கெட்ட காற்றுக் கொள்கையில் நம்பிக்கை ஏற்படவில்லை. நோய் முதலில் குடலைத் தாக்குவதால், நஞ்சு வாய் வழியாகவே உடலுக்குள் செல்ல வேண்டும் என்று கருதி 1849 இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அது பெரிதாக எடுபடவில்லை.

1854 ஆகஸ்ட் இறுதியில் இலண்டனின் சோஹோ பகுதியில் காலரா திடீரெனப் பெருகியது. ஏறத்தாழ பத்து நாட்களில் 500 பேருக்கு மேல் இறந்தனர். ஸ்னோ வீடு வீடாகச் சென்று, இறந்தவர்கள் எங்கிருந்து நீர் எடுத்தனர் என்று விசாரித்தார். பெரும்பாலோர் பிராட் தெரு அடிகுழாய் நீரைக் குடித்திருந்தனர். அருகிலிருந்த ஏழையர் விடுதியில் தனிக் கிணறு இருந்தது. அங்கிருந்த 535 பேரில் ஐவரே இறந்தனர். மதுவடிப்பாலைத் தொழிலாளர்கள் அடிகுழாய்ப் பக்கமே செல்லவில்லை. அவர்களில் எவரும் இறக்கவில்லை. தொலைவிலுள்ள ஹாம்ப்ஸ்டட் பகுதியில் ஒரு கைம்பெண் மட்டும் இறந்திருந்தார். முன்பு பிராட் தெருப் பக்கம் வாழ்ந்த அவர், அந்நீரின் சுவையை விரும்பி நாள்தோறும் வண்டியில் வரவழைத்துக் குடித்தவர்.

செப்டம்பர் 7 அன்று ஸ்னோ வட்டார நிர்வாகிகளிடம் இதனை எடுத்துரைத்தார். மறுநாள் அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. இதனால்தான் கொள்ளைநோய் நின்றது என்று பல நூல்கள் கூறினாலும், அது முழுவதும் சரியன்று. மக்கள் ஊரை விட்டு ஓடியதால் நோய் முன்பே தணியத் தொடங்கியிருந்தது; ஸ்னோவும் இதை ஒப்புக்கொண்டார். புகழ்பெற்ற அவருடைய வரைபடமும் இதற்குப் பின்னர் வரையப்பட்டதே.

ஆயினும் கைப்பிடியைக் கழற்றியது வீண்செயல் அன்று. ஸ்னோவின் கருத்தை மறுக்கும் எண்ணத்துடன் விசாரணையில் இறங்கிய ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார், தொடக்கத்தைக் கண்டறிந்தார். கிணற்றை ஒட்டிய வீட்டில் நோயுற்ற குழந்தையின் துணிகளை அலசிய நீர் கழிவுத் தொட்டியில் ஊற்றப்பட்டு, கிணற்றில் கசிந்திருந்தது. கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாளில் அக்குழந்தையின் தந்தையும் நோயுற்றார்.

ஸ்னோவின் வலுவான சான்று வேறிடத்தில் உள்ளது. தென் இலண்டனில் இரு நிறுவனங்கள் ஒரே தெருக்களில் நீர் வழங்கின. லாம்பெத் நிறுவனம் 1852 இல் கழிவு கலவாத மேல்பகுதி ஆற்றிலிருந்து நீரெடுக்கத் தொடங்கியது. சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் நிறுவனம் நகரத்துக்குள்ளேயே எடுத்து வந்தது. எந்த நீர் என்று வீட்டார் அறியாதபோது, வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு உப்பின் அளவைச் சோதித்துத் தெரிந்துகொண்டார். 1854 கோடையின் ஏழு வாரக் கணக்கில் 10,000 வீடுகளுக்கு லாம்பெத் நீரில் 37 பேரும், மற்றதில் 315 பேரும் இறந்திருந்தனர். ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி வீடுகள் கலந்திருந்ததால், நீரைத் தவிர வேறு காரணம் கூறுவது கடினம். இவ்விவரங்களை 1855 இல் விரிவான இரண்டாம் பதிப்பாக வெளியிட்டார்.

இறுதிக்காலம்

அரசு அமைத்த குழு இவருடைய கருத்தை ஏற்கவில்லை. பிராட் தெரு அடிகுழாய்க்கும் கைப்பிடி மீண்டும் பொருத்தப்பட்டது. 1858 ஜூன் 10 அன்று குளோரோஃபார்ம் பற்றிய நூலை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கி, ஆறு நாட்களில் 45 ஆம் அகவையில் காலமானார். லான்செட் இதழின் சுருக்கமான இரங்கற் குறிப்பில் காலரா ஆய்வு இடம்பெறவில்லை.

1866 இல் கிழக்கு இலண்டனில் காலரா பரவியபோது, முன்பு ஐயுற்றிருந்த புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் குடிநீரே காரணம் என்று காட்டினார். காலராக் கிருமியை 1854 இலேயே இத்தாலியரான ஃபிலிப்போ பச்சினி விவரித்திருந்தும் அது கவனிக்கப்படவில்லை. ராபர்ட் கோக் 1884 இல் கல்கத்தாவில் அதனைப் பிரித்தெடுத்தார்.

பிராட் தெரு 1936 இல் பிராட்விக் தெரு எனப் பெயர் மாற்றப்பட்டது. ஸ்னோவின் நினைவாகக் கைப்பிடி இல்லாத அடிகுழாய் ஒன்று அங்கு நிறுவப்பட்டுள்ளது.