சுண்ணக்கட்டி வட்டம்

இரவீந்திரநாத் தாகூரைப் பற்றிப் பேசும்போதெல்லாம், பள்ளியை வெறுத்துச் சுதந்திரமாகத் திரிந்து வளர்ந்த செல்வர் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மையே. பள்ளியை அவர் வெறுத்தார். ஆனால் அவருடைய பிள்ளைப்பருவத்தில் சுதந்திரம் என்பது மிகவும் அருமையான பொருளாகவே இருந்தது.

1861 மே 7-ஆம் நாள் கல்கத்தா ஜோராசாங்கோ மாளிகையில், தேவேந்திரநாதருக்கும் சாரதா தேவிக்கும் பதினான்காவது குழந்தையாகப் பிறந்தார். தந்தை பெரும்பாலும் பயணத்திலேயே இருந்தார். பிள்ளைகள் வேலைக்காரர்களின் ஆட்சியில் வளர்ந்தார்கள். அவர்களுள் சியாம் என்பவன் ஓர் எளிய உபாயம் கண்டுபிடித்தான். சிறுவனை ஓரிடத்தில் உட்காரவைத்துச் சுற்றிலும் சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவான். தாண்டினால் பேராபத்து என்று விரலை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். இலக்குவன் கிழித்த கோட்டைத் தாண்டிய சீதைக்கு நேர்ந்தது என்ன என்பதை அந்தப் பிள்ளை இராமாயணத்தில் அறிந்திருந்தான். ஆகவே தாண்டவில்லை.

அதிர்ஷ்டவசமாக, வட்டத்துக்கு அருகே ஒரு சாளரம் இருந்தது. கீழே ஒரு குளம். ஒருபுறம் ஆலமரம், மறுபுறம் தென்னை வரிசை. காலை முழுதும் குளிக்க வருவோரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு முழுகுவார். ஒருவர் தண்ணீரைத் தொடாமல் துணியை நனைத்துத் தலையில் பிழிந்துகொள்வார். ஒருவர் படியிலிருந்தே குதித்துவிடுவார். நண்பகலில் ஆட்கள் போனபின் வாத்துகள் மட்டும் எஞ்சும். ஆலமரத்தடி இருள் அவனுக்கு வேறோர் உலகின் வாயிலாகத் தோன்றியது. யாரும் கற்பிக்காத பாடம் இது. பார்ப்பதற்கு ஒரு சாளரமும் எழுந்துபோக முடியாத நிலையும் சேர்ந்தே அந்தக் கண்ணைப் பழக்கின.

கற்பித்த பாடங்களுக்கும் குறைவில்லை. விடியுமுன் மல்யுத்தம், பிறகு கணிதம், எலும்புக்கூட்டை மாட்டிவைத்து உடற்கூறு, மாலையில் உடற்பயிற்சி, அதன்பின் சித்திரம், விளக்கு வைத்தபின் ஆங்கிலம். தூக்கத்தால் கண் சொருகும் நேரத்தில் வந்து நின்ற அந்த ஆங்கிலத்தை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை போலும்! பள்ளிகள் மாறின, மனம் ஒட்டவில்லை. முதற்பள்ளியில் கற்றதைக் கொண்டு அவன் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு வகுப்பு நடத்தினான். கம்பியழிகளே மாணவர்கள். மக்குக் கம்பிகளுக்குப் பிரம்படி விழுந்தது. ஆசிரியரின் கல்வியைவிட அவருடைய கோபம் எத்தனை எளிதாகத் தொற்றுகிறது என்பதைப் பிற்காலத்தில் அவரே வருத்தத்தோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

1873-இல் பூணூல் கல்யாணம் முடிந்ததும் தந்தை அவனை இமயப் பயணத்துக்கு அழைத்துச் சென்றார். வழியில் போல்பூரில் சில நாள் தங்கினார்கள். மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்களில் மகன் தனியே அலைந்தான், தந்தை தடுக்கவில்லை. சட்டை மடியில் கூழாங்கற்களை அள்ளிவந்து காட்டியபோது, இவை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வியந்தார். தாம் அமர்ந்து தியானிக்கும் மண்மேட்டை அவற்றால் அலங்கரிக்கச் சொன்னார். பள்ளம் ஒன்றில் தெளிந்த நீர் ஊறுவதைக் கண்டு சொன்னபோது, இனிக் குடிக்கவும் குளிக்கவும் அங்கிருந்தே நீர் வரட்டும் என்றார். பதினோரு வயதுப் பிள்ளையின் கண்டுபிடிப்பு ஒரு வீட்டின் வழக்கமாயிற்று.

தேவேந்திரநாதர் கண்டிப்பற்றவர் அல்லர். செலவுக் கணக்கில் பிழை பொறுக்கமாட்டார். ஆயினும் விலையுயர்ந்த தம் பொன் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பை மகனிடம் விட்டார். அவன் ஆர்வ மிகுதியால் திருகித் திருகி, கடிகாரம் பழுதுபார்க்கக் கல்கத்தாவுக்கே போக நேர்ந்தது. டல்ஹௌசி மலையில் விடியுமுன் எழுப்பி வடமொழி சொல்லிக்கொடுத்தவரும், மலைச்சரிவில் கைத்தடியோடு தனியே திரிய விட்டவரும் அவரேதான்.

பதினான்கு வயதளவில் பள்ளிப் படிப்பு ஏறக்குறைய நின்றுபோயிற்று. தமையன் ஜோதிரிந்திரநாதர் பியானோவில் மெட்டுகளை எழுப்ப, தம்பி சொற்களைப் பொருத்தினான். அண்ணி காதம்பரி தேவி அவனுடைய முதல் விமர்சகர். பிகாரிலால் சக்கரவர்த்தியைப் போல் உன்னால் ஒருநாளும் எழுத முடியாது என்று விடாமல் சொல்லிவந்தார். 1884-இல் அவர் மறைந்தது தாகூரின் வாழ்வில் ஆறாத புண்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இருவரும் வெளியூர் போயிருந்த சமயத்தில், அவர் ஏட்டை விட்டுப் பலகையில் எழுதத் தொடங்கினார். ஏடு, எழுதியதைக் காப்பாற்றச் சொல்லி மிரட்டும். பலகையோ ஒரு துடைப்பில் மறந்துவிடும். அந்த அச்சமின்மையில்தான் பிறர் சாயல் கழன்று தம் குரல் வந்தது என்று அவர் கருதினார். கவிதை எழுதுவோர் இதனைச் சற்று நின்று எண்ணிப்பார்க்கலாம்.

சித்திரம் மட்டும் வசப்படவில்லை. 1900-இல் நண்பர் ஜகதீச சந்திர போசுக்கு எழுதிய கடிதத்தில், தம் கையில் பென்சிலைவிட அழிப்பானுக்கே வேலை அதிகம் என்று தம்மைத் தாமே கேலி செய்துகொண்டார். பின்னர் அந்த அழித்தலே வழிகாட்டிற்று. கையெழுத்துப் படியில் அடித்த வரிகள் அநாதைகளாகக் கிடப்பதைப் பொறாமல், அவற்றை ஒன்றோடொன்று இணைத்தார். பறவைகளும் பெயரில்லா விலங்குகளும் எழுந்தன. 1924-இல் அர்ஜென்டினாவில் அந்த ஏட்டைப் பார்த்து வியந்த விக்டோரியா ஒகாம்போவின் முயற்சியால், 1930-இல் பாரிசில் அவருடைய ஓவியங்கள் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தன. அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்களை வரைந்தும், பெரும்பாலானவற்றுக்கு அவர் பெயரிடவில்லை.

1901-இல் அவர் பள்ளி தொடங்கியது, கூழாங்கல் பொறுக்கிய அதே போல்பூர் மண்ணில். வகுப்புகள் மரத்தடியில் நடந்தன. 1941 ஆகஸ்ட் 7-ஆம் நாள் அவர் கண்மூடியது, பிறந்த அதே ஜோராசாங்கோ வீட்டில். சாளரத்துக்குக் கீழிருந்த குளமும் ஆலமரமும் அதற்கு வெகுகாலம் முன்பே இல்லாமற் போயிருந்தன.