கோப்பைக்குள் பார்த்த மருத்துவர்

போடிமெட்டுக் கடைகளில் ஏலக்காய் தட்டிப்போட்ட தேநீரை நாம் அருந்தும் அதே சாலையில்தான், காலையில் பெண்களைத் திணித்துக்கொண்டு ஜீப்புகள் மேலேறுகின்றன. போடிநாயக்கனூர்ப் பகுதியிலிருந்து கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குச் செல்லும் அவர்களுள் தலித் பெண்கள் பலர். ஏலக்காய் தரையையொட்டிக் காய்ப்பது. நாளெல்லாம் குனிந்தும் குந்தியுமே பறித்தாக வேண்டும். இக்காட்சி நமக்கு மருத்துவர் பி.எச். டேனியலை நினைவூட்டுகிறது.

1940களில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்தவர் அவர். மருந்து கொடுப்பது அவர் வேலை. நோயின் வேரோ கூலியிலும் கடனிலும் இருந்தது. அதனால் தொழிற்சங்கப் பணியிலும் இறங்கினார். முதிய தொழிலாளர்களிடம் அவர்களின் பழைய நாள்களைக் கேட்டறிந்தார். முன்பணம் கொடுத்து அழைத்துவந்த மேஸ்திரிகள், தீராத கடன், திரும்பவியலாத மலை, காய்ச்சலில் கொத்துக்கொத்தாக மடிந்த உறவுகள். இவற்றைத் திருநெல்வேலிச் சீமையின் கருப்பன், வள்ளி என்னும் இணையரின் கதையாக்கி, 1969இல் ‘ரெட் டீ’ என்ற நாவலாக வெளியிட்டார்.

அவர் எழுதியது ஆங்கிலத்தில். யாருடைய கதையோ அவர்களால் படிக்க இயலாத மொழி என்று குறை கூறலாம். ஆயினும் அது தேநீரைக் குடித்தவர்களின் மொழி. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ தமிழுக்கு வர ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆயின. தமிழ்த் தலைப்பு நம்மை மலைக்கு அழைக்கிறது. மூலத் தலைப்போ நம் கையிலுள்ள கோப்பையைச் சுட்டுகிறது. 2013இல் இந்நாவலைத் தழுவி வந்த ‘பரதேசி’ திரைப்படம், தொழிலாளர் பக்கம் நின்ற மருத்துவரை மதம் பரப்பும் கேலிப் பாத்திரமாக்கியது. டேனியலுக்கு இழைத்த அநீதி என்றே அதனைக் கருதுகிறோம்.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தது. ஆனாலும் 2015இல் மூணாற்றுத் தமிழ்ப் பெண்கள் கூலிக்கும் போனசுக்கும் சாலையில் அமர நேர்ந்தது. அவர்களுக்காவது நிர்வாகம் ஒன்று எதிரே இருந்தது. ஜீப்பில் போய்வரும் தினக்கூலிகளுக்கு அதுவும் உறுதியில்லை.

வாங்காமல் விட்டால் பறிப்பவரின் வேலைதான் முதலில் போகும். ஆகவே நாம் புறக்கணிப்பைக் கோரவில்லை, கணக்கைக் கேட்கிறோம். போடி ஏல மையத்தில் காயின் பருமனும் நிறமும் எடையும் பார்த்து விலை வைக்கிறார்கள். பறித்தவரின் அன்றைய கூலி எந்தப் பொட்டலத்தின் மீதும் எழுதப்படுவதில்லை.