50 வயசுல ஃபர்ஸ்ட் இயர் ஸ்டூடன்ட்... ஜப்பானை நடந்தே அளந்த சாகே வியாபாரி!

1795-ம் வருஷம். ஜப்பானின் எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ. அரசாங்கப் பஞ்சாங்கத்தைத் திருத்தும் வேலைக்காக அங்கே வரவழைக்கப்பட்டிருந்தார் டகாஹாஷி யோஷிடோகி. வானியலில் கில்லாடி. வயது 31. அவரிடம் பாடம் படிக்க ஒரு புது மாணவர் வந்து சேர்ந்தார். வயது 50. அதுவரை பார்த்த தொழில், சாகே எனும் அரிசி மது தயாரிப்பும் அரிசி வியாபாரமும். பெயர் இனோ தடாடகா.

இன்னிக்கு ஜப்பான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இந்தப் பேர் மனப்பாடம். நாட்டின் முதல் துல்லியமான வரைபடத்தைக் கொடுத்தவர். அதற்கான முதல் அடியை எடுத்து வைத்தபோது அவருக்கு வயது 55.

இதைக் கேட்டதும் ரீல்ஸ் பாணியில் ஒரு கதை மனசுல ஓடும். பிடிக்காத வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு, கனவைத் துரத்திக்கொண்டு ஓடிய மனிதர் என்று. உண்மைக் கதை அப்படி இல்லை. அதைவிட நிதானமானது, எனக்கு அதைவிடப் பிடித்ததும்கூட.

இனோ பிறந்தது 1745-ல், இன்றைய சிபா மாகாணத்தின் கடலோர கிராமம் ஒன்றில். சின்ன வயசுலயே அம்மா இறந்துவிட்டார். அப்பா அந்த வீட்டுக்கு வீட்டோட மாப்பிள்ளையாக வந்தவர் என்பதால், தன் சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பையன் மட்டும் சில வருஷம் அங்கேயே வளர்ந்தான். 17 வயதில் அவனும் வீட்டோட மாப்பிள்ளைதான். சவாரா என்ற ஆற்றங்கரை ஊரில் இருந்த இனோ குடும்பம். மனைவி மிச்சிக்கு 21 வயது, ஏற்கெனவே கணவரை இழந்தவர். பெரிய வீடுதான். ஆனால், பொறுப்பெடுத்து நடத்த ஆளில்லாமல் வியாபாரம் படுத்திருந்தது.

அதைத் தூக்கி நிறுத்துவதிலேயே இனோவின் அடுத்த 30 வருஷமும் போனது. ஊர்த் தலைவர் பொறுப்பும் சேர்ந்துகொண்டது. 1780-களில் ஜப்பானைக் கொடும் பஞ்சம் உலுக்கியபோது தன்னிடம் இருந்த அரிசியை ஊர் மக்களுக்குக் கொடுத்தார். நடுவே, எடோவிலிருந்து பஞ்சாங்கக் கணித நூல்களை வரவழைத்துப் படித்துக்கொண்டே இருந்தார். 45 வயதில் ஓய்வு கேட்டார். ஊரை நிர்வகித்த பிரபு வீட்டார் விடவில்லை. 1794-ல்தான் அனுமதி கிடைத்தது. வியாபாரத்தை மகனிடம் கொடுத்துவிட்டு, மறு வருஷமே எடோவுக்குக் கிளம்பினார்.

இந்த 30 வருஷத்தை வீணாய்ப்போன காலம் என்று சொல்ல எனக்கு மனசு வரலை. சவாராவில் ஆறு அடிக்கடி பொங்கும். கரை கட்டணும், நிலத்தைத் திரும்ப அளக்கணும். ஊர்த் தலைவருக்கு அளவை வேலை அப்படித்தான் கைவந்தது. ஆட்களை வைத்து வேலை வாங்குவது, தினம் கணக்கு எழுதுவது, விடாமல் குறித்து வைப்பது எல்லாம் கடையில் கற்றவை. இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. அவரிடம் நிறைய பணம் இருந்தது. தொழிலைப் பார்த்துக்கொள்ள மகன் இருந்தார். இந்த இரண்டும் இல்லாதவரிடம் போய் இனோவைப் பார் என்று அட்வைஸ் பண்றது நியாயமில்லை.

எடோவில் ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. பூமி எவ்வளவு பெரிசு? தெற்கிலிருந்து வடக்கே போகப் போக துருவ நட்சத்திரம் வானில் கொஞ்சம் கொஞ்சமாக உயரும். அது ஒரு டிகிரி உயர எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று தெரிந்தால், அதை 360-ஆல் பெருக்கினால் போதும், பூமியின் சுற்றளவு வந்துவிடும். இனோ, ஃபுககாவாவில் இருந்த தன் வீட்டிலிருந்து அசகுசாவில் இருந்த வானாய்வுக் கூடம் வரை அடி அடியாக எண்ணிக்கொண்டே நடந்து கணக்குப் போட்டார். இந்தக் கொஞ்ச தூரம் பத்தாது, ஹொக்கைடோ வரை அளந்தால் கணக்குத் தேறலாம் என்று குரு சொல்லிவிட்டார்.

அந்தக் காலத்தில் நினைத்த இடத்துக்குப் போய் அளந்துவிட முடியாது, அரசாங்க அனுமதி வேண்டும். வடக்கே ரஷ்யக் கப்பல்கள் தலைகாட்டத் தொடங்கியிருந்த நேரம். அரசுக்கு அந்தப் பக்கத்து வரைபடம் தேவைப்பட்டது. அதைக் காரணமாகக் காட்டி குருவும் சிஷ்யரும் அனுமதி வாங்கினார்கள். 1800-ம் வருஷம் கிளம்பிய அந்த முதல் பயணம் 180 நாள். அரசு கொடுத்தது கொஞ்சம்தான், மீதியெல்லாம் இனோவின் சொந்தக் காசு. பகலில் அடி எண்ணுவது, இரவில் நட்சத்திரம் பார்ப்பது.

அடுத்தடுத்த பயணங்களில் கயிறும் சங்கிலியும் வைத்து அளந்தார்கள். ஒரு டிகிரிக்கு அவர் கண்ட தூரம் இன்றைய கணக்கில் சுமார் 110.75 கிலோமீட்டர். இன்று நமக்குத் தெரிந்த அளவு 111-ஐ ஒட்டி வருகிறது. முதலில் குருவுக்கே சந்தேகம்தான். பிறகு பிரெஞ்சு வானியலாளர் லலாண்டின் நூல், டச்சு மொழிபெயர்ப்பில் கைக்கு வந்தது. அதிலும் கிட்டத்தட்ட அதே கணக்கு! இருவரும் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்! ஆனால், 1804-ல் டகாஹாஷி இறந்துவிட்டார். 40 வயதுகூட ஆகவில்லை.

அதே வருஷம் கிழக்கு ஜப்பானின் வரைபடம் ஷோகன் பார்வைக்குப் போனது. அதன் பிறகு இனோ அரசு ஊழியர், பயணங்கள் அரசாங்கத் திட்டம். மொத்தம் 10 பயணங்கள். 9-வதற்கு மட்டும், 70-ஐ எட்டிவிட்டதால் அவரை அனுப்பவில்லை. மற்றதெல்லாம் கடற்கரை கடற்கரையாக, மலை, மழை, பனி பார்க்காமல் நடை. ஒரு கட்டத்தில் வாயில் ஒரே ஒரு பல்தான் மிச்சம், பிடித்த ஊறுகாயைக்கூடக் கடிக்க முடியவில்லை என்று மகளுக்குக் கடிதம் எழுதிப் புலம்பியிருக்கிறார் மனுஷன்.

1818-ல் 73 வயதில் இனோ இறந்தபோது வரைபடம் முடியவில்லை. சீடர்கள் மரணச் செய்தியை வெளியே சொல்லாமல், அவர் இருப்பது போலவே வேலையைத் தொடர்ந்தார்கள். 1821-ல் 214 பெரிய தாள்களோடு முழு வரைபடம் தயாரானது. அதன் பிறகுதான் மரணம் அறிவிக்கப்பட்டது. 40 வருஷம் கழித்து ஜப்பான் கடற்கரையை அளக்க வந்த பிரிட்டிஷ் கப்பல்காரர்கள் இந்த வரைபடத்தைப் பார்த்ததும், பெரும்பகுதி வேலையை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொண்டார்கள்.

மூலப் பிரதி 1873-ல் அரண்மனைத் தீயில் போனது. நகல் 1923 நிலநடுக்கத்தின்போது எரிந்தது. 2001-ல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் 207 தாள்களின் பிரதிகள் கிடைத்தன.

இனோவின் கல்லறை டோக்கியோவின் உயெனோ பகுதியில், கெங்குஜி கோயிலில் இருக்கிறது. தன்னை எங்கே புதைக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டுத்தான் போனார். தன்னைவிட 19 வயது சின்னவரான குரு டகாஹாஷியின் கல்லறைக்குப் பக்கத்தில்.